தாவளம் இருந்தால்தான் பயணம்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியிலுள்ள யூதத்தெரு ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த பழைய பண்டகசாலைகள். முடிவில் 1568இல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டிடமான பரதேசி சினகாக். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது டச்சு அரண்மனை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த மாளிகை அது; 1663இல் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தத் தெருக்கள் கைவண்டிக்கும் தலைச்சுமைக்கும் ஏற்ற அளவில் உருவானவை. மிளகும் இஞ்சியும் அரிசியும் சாலை வழியாக இங்கே வரவில்லை. பண்டகசாலைகளின் பின்வாசலில் காயல் இருந்தது, படகு நேராக அங்கே வந்து அணைந்தது. இன்று இந்த ஊருக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள் ஏராளம். பாட்டி முதல் கைக்குழந்தை வரை பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். இறங்கியதும் அவர்கள் தேடுவது அரண்மனைச் சுவரோவியங்களை அல்ல, சுத்தமான கழிப்பறையை. அடுத்தது, கட்டிவந்த சோற்றைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல். இந்த இரண்டும் கிடைக்காத ஊரில் யாரும் மனம் பொருந்தி நிற்பதில்லை. வண்டியில் வீட்டைக் கட்டிக்கொண்டு போகும் பயணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர அரசுகள் முயன்றுவரும் காலம் இது. அந்த முயற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்தச் சின்னத் தேவைகளே சொல்லிவிடுகின்றன.

வண்டிவீட்டுப் பயணம் என்றதும் பலரும் காட்டும் உதாரணம் சுவீடன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை எல்லாம் அடங்கிய மோட்டார்ஹோமில் பெற்றோரும் பிள்ளைகளும் ஏறி, கோடை விடுமுறையில் ஏரிக்கரைகளையும் பைன் காடுகளையும் சுற்றிவருவது அங்கே சாதாரணக் குடும்பங்களும் செய்வது. ஜூன் மாதக் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சூரியன் மறைவதே இல்லை. ஏறத்தாழ நாலரை லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில் ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் படிக்கிறவருக்கு, வெற்றுநிலம் ஏராளமாக இருப்பதால்தான் அங்கே இது நடக்கிறது என்று தோன்றும். அந்த நாட்டின் புகழ்பெற்ற 'அல்லெமான்ஸ்ரெத்' உரிமையும் இந்த எண்ணத்தை வளர்க்கிறது. பிறருடைய நிலத்தில் யாரும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம் என்னும் பழைய வழக்கம் அது. 1994இல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே அதற்கு இடம் தந்தார்கள்.

ஆனால் அந்த உரிமை மனிதனின் காலுக்கு உரியது, சக்கரத்துக்கு அல்ல. சாலையை விட்டு இறங்கி வெறும் நிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படியானால் வண்டிவீடுகள் எங்கே நிற்கின்றன? நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பொதுவாக 24 மணி நேரம் வரை நிற்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முகாம் மனைகள் இருக்கின்றன. அங்கே வண்டிக்கு மின்இணைப்பு கிடைக்கும், குடிநீர் பிடித்துக்கொள்ளலாம், பொதுச் சமையலறையும் குளியலறையும் துணி துவைக்கும் இடமும் உண்டு. வண்டியின் கழிவுத் தொட்டியை முறையாகக் காலிசெய்யத் தனி இடமும் இருக்கும். இப்படிப்பட்ட நிறுத்தங்கள் நாடு முழுக்கச் சங்கிலிபோல் தொடர்வதால்தான், காலையில் கிளம்பும் குடும்பம் இரவு எங்கே படுப்பது என்ற கவலையில்லாமல் வண்டியை எடுக்கிறது. அந்தப் பயணத்தின் சுதந்திரம் என்று நாம் வியப்பது உண்மையில் நிறுத்தங்களின் ஒழுங்கு. வண்டி அதன் கண்ணுக்குத் தெரியும் பகுதி, அவ்வளவே.

இந்த ஒழுங்கைக் குறிக்கத் தமிழில் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: தாவளம். தங்கி இளைப்பாறும் இடம் என்று பொருள். மலையாளத்திலும் இதே சொல் வாழ்கிறது. சபரிமலைப் பாதையில் பக்தர்கள் தங்கிச் செல்லும் இடங்களை 'இடத்தாவளம்' என்றே சொல்கிறார்கள். வண்டியை விடத் தாவளமே முதன்மையானது, பொதுப்பணம் போக வேண்டிய இடமும் அதுவே என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கேரளம் இதை முழுதும் மறந்துவிடவில்லை. ஆனால் முன்பின்னாக அடுக்கிவிட்டது. 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' என்னும் கொள்கையை மாநில அரசு அறிவித்தது. அதன்படி கேரவன் வாங்கும் முதல் 100 முதலீட்டாளர்களுக்கு 7.5 லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம் மானியம். அடுத்த 100 பேருக்கு 5 லட்சம் அல்லது 10 சதவீதம். அதற்கடுத்த 100 பேருக்கு 2.5 லட்சம் அல்லது 5 சதவீதம். கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிற்கும் இடமும் வேண்டும் என்றும் வகுத்தார்கள். 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமணில் மாநிலத்தின் முதல் பூங்கா திறக்கப்பட்டது. கொள்கையில் பூங்காவும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. ஆனால் படிப்படியாக வகுத்த மானியக் கணக்கு வண்டியைச் சுற்றித்தான் அமைந்தது.

இந்தத் திட்டத்தை அறிவித்தபோது, 1990களில் படகுவீடு செய்ததை இப்போது கேரவன் செய்யும் என்ற ஒப்பீடு எழுந்தது. அந்த ஒப்பீட்டை நாமும் முழு மனதோடு எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மட்டாஞ்சேரிக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. கெட்டுவள்ளம் என்பது ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லையும் அரிசியையும் கொச்சிச் சந்தைக்குச் சுமந்து வந்தது அதுதான். படகோட்டிகள் நாள்கணக்கில் அதிலேயே சமைத்து அதிலேயே உறங்கினார்கள். லாரியும் பாலமும் வந்ததும் அந்தப் படகுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று; பிறகு கூரையும் படுக்கையும் போட்டு அவற்றைச் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள். அது வென்றதற்குக் காரணம் மூங்கில் கூரையின் அழகு மட்டுமல்ல. காயல் என்னும் பொதுவழியும், அதன் கரைநெடுகப் பல தலைமுறைகளாகப் படகுகள் அணைந்து பழகிய துறைகளும் முன்பே இருந்தன. தாவளம் தயாராக இருந்த வழியில் வண்டி வந்து சேர்ந்தது. படகுவீடு தடுமாறியதும் இதே இடத்தில்தான். சரக்குப் படகுக்குப் போதுமாக இருந்த துறை, கழிப்பறையும் குளிர்சாதனமும் உள்ள மிதக்கும் விடுதிக்குப் போதவில்லை. படகுகளின் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் கழிவை வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையங்கள் பெருகவில்லை. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டுக் காயல் அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. படகுவீட்டிடமிருந்து பாடம் கற்பதானால் வெற்றியையும் சேதத்தையும் ஒன்றாகவே கற்க வேண்டும்.

சாலையில் ஓடும் வீட்டுக்கு அந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. சுவீடனின் கோடையில் சன்னலைத் திறந்து வைத்தால் உறக்கம் வரும். கொச்சியின் புழுக்கத்தில் இரும்புப் பெட்டிபோல் மூடிய வண்டிக்குள் குளிர்சாதனம் இல்லாமல் கண்ணயர முடியாது. குளிர்சாதனம் ஓட மின்சாரம் வேண்டும். நிறுத்தத்தில் மின்இணைப்பு இல்லாவிட்டால் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்களின் ஆய்வு சொன்னது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் விழிப்பதற்கு அது வாய்ப்புத் தருவதில்லை. வண்டி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், மின்இணைப்புள்ள தாவளம் இல்லாத வழியில் அதற்குள் உறங்குவது உயிருக்கு ஆபத்தாகலாம். சாலையோரத்தில் நிறுத்தி ஜெனரேட்டரை ஓட்டுவதும், மின்கம்பத்தோடு கூடிய முகாம் மனையில் கம்பியைச் செருகுவதும் வசதியில் மட்டும் வேறுபடும் இரண்டு தேர்வுகள் அல்ல.

'நம் ஊரில் யார் கேரவனில் போகிறார்கள்? இது பணக்காரர் சமாசாரம்' என்று சிலர் இந்தப் பேச்சையே ஒதுக்கக்கூடும். விலை உயர்ந்த வண்டியை மட்டும் நினைத்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் நம்மிடம் நம்முடைய வண்டிவீடு நெடுங்காலமாகவே இருக்கிறது; அதன் பெயர் டூரிஸ்ட் வேன். கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகவும் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவும் கேரளத்துக்குள் இறங்கும் வேன்களின் கூரையில் பாத்திர மூட்டையும் கேஸ் அடுப்பும் அரிசிப் பையும் பாய்ச் சுருளும் கட்டியிருக்கும். கோடை விடுமுறையில் மூணாறு, ஆலப்புழை, கொச்சி என்று சுற்றும் குடும்பங்கள் முதல் நாளுக்குப் புளியோதரையும், மறுநாளுக்குச் சாலையோரச் சமையலுமாகக் கிளம்புகின்றன. சுவீடன் குடும்பம் வண்டிக்குள் வைத்திருக்கும் சமையலறையை நம் குடும்பம் வண்டியின் தலையில் வைத்திருக்கிறது. பயணத்தின் குணம் ஒன்றுதான்: வீட்டுச் சோறு, வீட்டு மனிதர்கள், நேரம் நம் கையில். அங்கே வழிநெடுகக் குழாயும் கழிப்பறையும் காத்திருக்கின்றன. இங்கே பெட்ரோல் பங்க்கில் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அந்தக் கெஞ்சலின் சுமை பெண்களின் மேல்தான் அதிகம் விழுகிறது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு பயணம் செய்யும் பெண்கள் எத்தனையோ பேர்.

தாவளம் அமைப்பது நமக்குப் புதிதுமல்ல. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளைச் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்தே மக்கள் இன்றும் நினைக்கிறார்கள். கேரளத்தின் பழைய வழிகளில் வழியம்பலங்களும், தலைச்சுமையை இறக்கி வைக்கக் கல்லால் ஆன சுமைதாங்கிகளும் இருந்தன. இன்றைய காலத்துக்கு ஏற்ற சான்று வேண்டுமென்றால் சபரிமலையைப் பார்க்கலாம். ஏற்றுமானூர் போன்ற கோவில் ஊர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இடத்தாவளங்களாக மாறி, ஒரே இரவில் எத்தனையோ வண்டிகளைத் தாங்குகின்றன. 2018 பெருவெள்ளம் மலையடிவாரத்திலுள்ள பம்பையை உருக்குலைத்த பிறகு, பெரும்பாலான வண்டிகளை அதற்கு முன்னுள்ள நிலக்கல்லிலேயே நிறுத்தி அங்கிருந்து அரசுப் பேருந்துகளில் பக்தர்களைப் பம்பைக்கு அழைத்துப் போனார்கள். குறை சொல்ல இடம் இல்லாத ஏற்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெரிசல் மிகுந்த ஆண்டுகளில் அது திணறியதும் உண்டு. ஆனால் பெரிய வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி மனிதரை மட்டும் உள்ளே கொண்டுபோக நம்மால் முடியும் என்பதை அது ஐயமின்றிக் காட்டிவிட்டது.

எதிர்வாதங்களில் வலுவானது நிலத்தைப் பற்றியது. சுவீடனில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 25 பேர். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 860 பேர். ஒரு கிராமம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வீடுகள் தொடரும் மாநிலத்தில் முகாம் மனைக்கு இடம் எங்கே என்று கேட்பது நியாயம். ஆனால் இந்தக் கணக்கு தாவளத்துக்கு ஆதரவாகவே நிற்கிறது. நெருக்கமான நாட்டில் வண்டி நிற்கத் தனி இடம் இல்லை என்றால் அது மறைந்துவிடுவதில்லை. யாருடைய வீட்டு வாசலிலோ, ஒரு பள்ளிக்கூடச் சுவரோரத்திலோ நிற்கிறது. பரந்த நாட்டில் தாவளம் வசதி. நெருக்கமான நாட்டில் அது கட்டாயம். தேவையான நிலமும் பெரிதல்ல. கேரளக் கொள்கையே கேட்பது அரை ஏக்கர்தான். பருவம் தவிர மற்ற மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும் கோவில் மைதானங்கள், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வளாகங்கள், நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் மிஞ்சிய துண்டு நிலங்கள் என்று உள்ளாட்சிகள் கண்ணைத் திறந்து பார்த்தால் இடம் கிடைக்கும்.

'சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்களால் உள்ளூருக்கு என்ன வருமானம்? ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களின் பிழைப்பைத் தாவளம் கெடுக்காதா?' என்பது அடுத்த கேள்வி. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் குடும்பங்களை நினைத்தால் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பதினைந்து பேரோடு வரும் குடும்பம் ஹோம்ஸ்டேயின் வாடிக்கையாளர் அல்ல; அறை எடுக்கக் கட்டுபடியாகாததால் அது இருட்டுவதற்குள் ஊரை விட்டுப் போய்விடுகிறது. அந்தக் குடும்பம் ஓரிரவு தங்கினால் காலையில் தேநீர் குடிக்கும், மீன் வாங்கும், கடைத்தெருவில் ஏலமும் மிளகும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும். ஒருவர் ஆயிரக்கணக்கில் செலவிடுவதும் வருமானம்தான். நூறு பேர் நூறு நூறாகச் செலவிடுவதும் வருமானம்தான். முதலாவது பெரும்பாலும் ஒரே கல்லாவுக்குப் போகும். இரண்டாவது தெருவெங்கும் பிரிந்து சேரும்.

'தாவளம் என்று திறந்துவிட்டால் குப்பைமேடாகிவிடும்' என்ற அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகையில் மூச்சுத் திணறிய நகரம் கொச்சி. அதனிடம் இன்னொரு கழிவுச் சுமையை ஏற்கச் சொல்வது எளிதல்ல. ஆனால் எச்சில் இலை சாலையோரத்துக்கு வருவது தாவளத்தால் அல்ல, தாவளம் இல்லாததால். கேரளம் 'டேக் எ பிரேக்' என்ற பெயரில் உள்ளாட்சிகள் மூலம் வழியோர ஓய்விடங்களைக் கட்டிவருகிறது. பலவற்றை மாநிலத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்துகிறார்கள். சிறு கட்டணம், பொறுப்பான ஆள், கழிவை அள்ளிச் செல்லும் ஒழுங்கு ஆகிய மூன்றும் இருந்தால் கழிப்பறை சுத்தமாக இருக்கும். அதே ஓய்விடத்தில் வண்டி நிறுத்த நான்கைந்து தளம், மின்இணைப்பு, சமைக்கக் காற்று மறைத்த ஒரு கூடம், பாத்திரம் கழுவக் குழாய், கழிவுத் தொட்டியைக் காலிசெய்ய ஒரு குழி ஆகியவற்றைச் சேர்ப்பது அடுத்த படி. அங்கே விலை உயர்ந்த கேரவனும் நிற்கட்டும், திருநெல்வேலி வேனும் நிற்கட்டும். ஒரே குழாயில் இருவரும் தண்ணீர் பிடிக்கலாம்.

மட்டாஞ்சேரி இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரியாக முடியும். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. இன்று மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் அதன் படகு போகிறது. பெரிய வண்டிகளுக்கான தாவளத்தை நகருக்கு வெளிப்புறத்திலோ துறைமுகப் பக்கத்திலோ அமைத்துவிட்டு, குடும்பங்களைப் படகில் ஏற்றி மட்டாஞ்சேரியில் இறக்கலாம். பாட்டி காயல் காற்றில் உட்கார்ந்து வருவார். குழந்தைகளுக்குப் படகே பாதிச் சுற்றுலா. யூதத்தெருவில் ஹாரன் சத்தம் குறையும். நெல்லும் மிளகும் நுழைந்த அதே நீர்வழியில் விருந்தினரும் நுழைவார்கள். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. படகு ஓடுகிறது, வேன்கள் வருகின்றன, குடும்பஸ்ரீ இருக்கிறது. இவற்றை இணைக்கும் அரை ஏக்கர் தாவளம்தான் பாக்கி.

கேரள அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றே: அடுத்த மானியம் வண்டிக்கு வேண்டாம், தாவளத்துக்குக் கொடுங்கள். தமிழ்நாடும் இதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரிக்கும் இராமேசுவரத்துக்கும் கொடைக்கானலுக்கும் வேன் பிடித்து வருகிறவர்களின் நிலையும் இதுதான். வாசகர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை குடும்பத்தோடு கேரளத்துக்குக் கிளம்பும்போது, சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் கட்டி வண்டியிலேயே வைத்து, குப்பைத்தொட்டி உள்ள இடம்வரை கொண்டுபோவோம். வழியோர ஓய்விடத்தில் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்போம். இடம் கொடுத்த ஊர் நம்மை மறுபடியும் அழைக்க வேண்டுமானால், நாம் நின்ற இடம் நாம் வருமுன் இருந்தபடியே இருக்க வேண்டும்.